எதிரில் நிற்பது ஆளா... சோளக்கொல்லை பொம்மையா?



சோளக்கொல்லை பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கழி, ஒரு கிழிந்த சட்டை, தலைக்கு ஒரு மண்சட்டி. அவ்வளவுதான்! ஆனால், தூரத்தில் இருந்து பார்க்கும் காக்காய்க்கு அது ஆள், பயந்து பறந்துவிடும்.

மொபைல் போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளிலும் இப்படிப்பட்ட பொம்மைகள் நிறைய நிற்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம். கொல்லை பொம்மை காக்காயை விரட்டும். இந்தப் பொம்மைகளோ நம்மை விரட்டுவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆட வைத்து உட்கார வைத்துவிடுகின்றன!

எப்படி என்று பார்ப்போமா?

திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணி பக்கம் இருக்கிறது பொதட்டூர்பேட்டை. நெசவாளர்கள் நிறைந்த ஊர். அங்கே 7ம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், அப்பாவின் போனில் முதன்முதலாக ஒரு 'பேட்டில் ராயல்' விளையாட்டை ஆடுவதாக வைத்துக் கொள்வோம். விமானத்தில் இருந்து ஒரு தீவில் 100 பேர் குதிக்கின்றனர். கடைசி வரை உயிரோடு இருப்பவரே வெற்றியாளர். நம்ம பையன் முதல் ஆட்டத்திலேயே 8 பேரை வீழ்த்தி விடுகிறான். மறுநாள் பள்ளியில் ஒரே பெருமை!

அந்த 8 பேரும் எந்த ஊர்க்காரர்கள்? டில்லியா? துபாயா? எந்த ஊரும் இல்லையாக இருக்கலாம். அவர்களில் பலர் கம்ப்யூட்டரே ஆட்டி வைக்கும் பொம்மைகளாக இருந்திருக்கலாம். அந்தப் பொம்மைகளுக்குப் பெயர்தான், 'பாட்!'

பாட் இருப்பது தப்பா? இல்லவே இல்லை. 'இது பாட்' என்று நம்மிடம் சொல்லாமல் இருக்கிறார்களே... அதைத்தான் யோசிக்க வேண்டும்.

பாட் பிறந்த கதை

'ரோபாட்' என்ற சொல்லின் வால்தான், 'பாட்!' செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக், 1920ல் எழுதிய நாடகத்தில்தான் ரோபாட் என்ற சொல் முதலில் வந்தது. செக் மொழியில் அதற்கு வேராக இருக்கும் சொல்லுக்கு, 'கட்டாய உழைப்பு' என்று அர்த்தம். கை, கால் இருக்கும் இரும்பு மனிதன் ரோபாட். உடம்பே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் மட்டும் வேலை செய்யும் நிரல், பாட்.

'குவேக்' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, 1996ல் வந்தது. நண்பர்கள் சேர்ந்து ஆடலாம். ஆனால், அந்தக் காலத்தில் எத்தனை பேர் வீட்டில் இன்டர்நெட் இருந்தது? கூட ஆட ஆள் இல்லாமல் தவித்தனர். அப்போது ஸ்டீவன் போல்ஜ் என்பவர், 'ரீப்பர் பாட்' என்ற ஒரு நிரலை எழுதினார். அது மனிதரைப் போலவே ஓடியது, ஒளிந்தது, சுட்டது! பிறகு, 'அன்ரியல்' என்ற விளையாட்டுக்கும் அவரே பாட் எழுதினார். 1999ல் வெளியான, 'அன்ரியல் டோர்னமென்ட்', 'குவேக் 3' இரண்டிலும் பாட்கள் முக்கிய இடம் பிடித்தன.

அந்த பாட்களில் ஒரு நேர்மை இருந்தது, குட்டீஸ். ஆடுபவரே, 'எனக்கு 5 பாட் வேண்டும். சுமாராக ஆடினால் போதும்' என்று தேர்வு செய்வார். எதிரில் வருவது பொம்மை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சொல்லாமல் நுழைந்த பொம்மைகள்

மொபைல் காலம் வந்தது. 'பப்ஜி மொபைல்' 2018ல் வெளியாகி, இந்தியாவில் தெருவுக்குத் தெரு பரவியது. இங்கே ஒரு சிக்கல். கபடி ஆட ஒரு பக்கத்துக்கு 7 பேர் போதும், ஊரில் கிடைத்துவிடுவர். ஒரே நேரத்தில் 100 பேர் வேண்டும் என்றால்? அதுவும், எல்லாரும் ஒரே அளவு திறமை உள்ளவர்களாக வேண்டும் என்றால்? ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார். அதனால், காலி இடங்களை பாட் வைத்து நிரப்பினர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீச்சல் கற்க வரும் குழந்தையை முதல் நாளே கிணற்றில் தள்ளினால் என்ன ஆகும்? மறுநாள் வராது. அதே போல், புதிதாக ஆட வருபவர், வருடக்கணக்காக ஆடும் கில்லாடியிடம் மாட்டினால் அரை நிமிடத்தில் அவுட்!

'போர்ட்நைட்' விளையாட்டில் பாட்கள் வரப் போவதாக, அதைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2019ல் வெளிப்படையாக அறிவித்தது. ஒருவரது திறமை கூடக்கூட பாட்கள் குறையும் என்றும், போட்டிப் பிரிவு ஆட்டங்களில் பாட் இருக்காது என்றும் சொன்னது. கம்ப்யூட்டரில் ஆடும் பப்ஜியில் 2020 ஏப்ரலில் பாட்கள் சேர்க்கப்பட்டன. புதியவர்களுக்கும், பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் இடையே இடைவெளி அதிகமாகி விட்டதுதான் காரணம் என்றனர்.

காரணம் நியாயம்தான். ஆனால், 'பாட் உண்டு' என்று பொதுவாக அறிவிப்பது வேறு. ஆட்டத்தில் எதிரே வரும்போது, 'இவர் பாட்' என்று காட்டுவது வேறு. இப்படி நிரப்ப வைக்கும் பாட்களுக்குப் பெரும்பாலும் மனிதருக்கு வைப்பது போலவே பெயர் வைக்கின்றனர். உடையும் அப்படியே. தலைக்கு மேல், 'நான் பொம்மை' என்று பலகை எதுவும் இல்லை!

நம் நாட்டில் என்ன நடந்தது?

இந்த விளையாட்டுகள் இந்தியாவில் பல முறை தடையைச் சந்தித்தன. 2020 செப்டம்பர் 2ல், பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. 2021ல், கொரியாவின் கிராப்டன் நிறுவனம், 'பி.ஜி.எம்.ஐ.,' என்ற புதிய பெயரில் இந்தியாவுக்கு என்றே ஒரு விளையாட்டை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில், 'பிரீ பயர்' உட்பட 54 செயலிகள் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.,யும் மறைந்து, 2023 மே மாதம் திரும்பி வந்தது. அப்போது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நாளுக்கு 3 மணி நேரம் மட்டுமே ஆட முடியும் என்று அறிவித்தனர்.

இந்தத் தடைகளுக்கு எல்லாம் அரசு சொன்ன காரணம், நாட்டின் பாதுகாப்பு, மக்களின் தகவல் பாதுகாப்பு. எத்தனை மணி நேரம் ஆடலாம், எவ்வளவு பணம் செலவழிக்கலாம் என்று எல்லாம் பேசினர். 'யாருடன் ஆடுகிறோம்?' என்ற கேள்வியை மட்டும் பெரிதாக யாரும் எடுக்கவில்லை.

பாட் எப்படி யோசிக்கிறது?

காஞ்சிபுரம் பட்டுத் தறியின் மேலே வரிசையாகத் துளை போட்ட அட்டைகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு, 'ஜக்கார்டு' என்று பெயர். பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு, 1804ல் அமைத்த முறை அது. அட்டையில் துளை இருந்தால் இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. தறிக்கு மயில் தெரியாது, மாங்காய் தெரியாது. ஆனால், அட்டை சொன்னபடி செய்தால் புடவையில் மயிலும் மாங்காயும் வந்துவிடும்!

சாதாரண பாட்டும் அப்படித்தான். 'எதிரி தெரிந்தால் சுடு, தெரியாவிட்டால் நட, உயிர் குறைந்தால் ஒளி, சத்தம் கேட்டால் திரும்பு' என்று கட்டளைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குக் குறுக்கு வழி கண்டுபிடிக்க, 'ஏ ஸ்டார்' என்ற கணக்கு முறை ரொம்ப உதவுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1968ல் உருவானது அது. ஒரு ரோபாட் அறைக்கு அறை முட்டாமல் நடக்க வேண்டும் என்பதற்காக யோசித்தது, இப்போது விளையாட்டில் பொம்மைகளை நடக்க வைக்கிறது!

இப்போது ஒரு கேள்வி. நன்றாகச் சுடும் பாட் செய்வது கஷ்டமா, மோசமாகச் சுடும் பாட் செய்வது கஷ்டமா?

'நன்றாகச் சுடுவதுதான்' என்பீர்கள். அதுதான் இல்லை! நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது விளையாட்டை நடத்தும் கம்ப்யூட்டருக்கு எப்போதும் தெரியும். சுவருக்குப் பின்னால் ஒளிந்தாலும் தெரியும். ஒன்றைப் பார்த்துவிட்டு விரலை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய கால் விநாடி ஆகும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதன் போக்கில் விட்டால் நீங்கள் தலையைக் காட்டியதும் அவுட்!

அதனால், பாட் எழுதுபவர்கள் வேண்டும் என்றே அதைக் கெடுக்கின்றனர். 'கொஞ்சம் தாமதமாகப் பார். குறியைக் கொஞ்சம் தள்ளி வை. சில நேரம் தவற விடு' என்று கட்டளை போடுகின்றனர். அதிலும், வேண்டும் என்றே தவற விடுவது போலத் தெரியக் கூடாது. சின்னத் தம்பியிடம் தோற்பது போல நடிக்கும் அண்ணனுக்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்? அந்தச் சாமர்த்தியம்தான் இங்கே கலை!

மனிதரை விட மனிதராக...

பிரிட்டன் கணித மேதை ஆலன் டூரிங், 1950ல் ஒரு சோதனையைச் சொன்னார். திரைக்குப் பின்னால் இருப்பது மனிதனா, இயந்திரமா என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த இயந்திரம் யோசிக்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டார்.

இதையே விளையாட்டில் செய்து பார்த்தனர். 2008ல், 'பாட் பிரைஸ்' என்ற போட்டி தொடங்கியது. அன்ரியல் டோர்னமென்ட் விளையாட்டில் மனிதர்களும் பாட்களும் கலந்து ஆடுவர். ஆடிக் கொண்டே, 'இவர் மனிதர், அவர் பாட்' என்று ஓட்டுப் போட வேண்டும். டூரிங் பிறந்த நூற்றாண்டான 2012ல், இரண்டு பாட்கள் 50 சதவீதத்தைத் தாண்டி, 'மனிதர்' என்று ஓட்டு வாங்கின. அதே போட்டியில் உண்மையான மனிதர்களுக்குக் கிடைத்தது, சராசரியாக 40 சதவீதம்தான்! அதாவது, மனிதனை விட பொம்மையே மனிதனாகத் தெரிந்தது! என்ன குட்டீஸ், தலை சுற்றுகிறதா?

அதற்குப் பிறகு, தானே கற்கும் பாட்கள் வந்தன. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம், குவேக் 3 விளையாட்டில் கொடி பிடிக்கும் ஆட்டத்தை பாட்களுக்கு விட்டது. யாரும் கட்டளை அடுக்கவில்லை. சுமார் 4.5 லட்சம் ஆட்டங்கள் ஆடி, அவையே கற்றன. கடைசியில் திறமையான மனிதர்களையும் வென்றன. இது, 2019ல், 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

ஆக, 'நான் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன்' என்ற நம்பிக்கை இனி செல்லாது.

சொல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

'பொம்மையோ, ஆளோ... ஜாலியாக இருக்கிறதே! அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் திறமை பற்றிய கணக்கு. பரீட்சையில் விடைத்தாளை உங்கள் கையிலேயே கொடுத்து 98 மதிப்பெண் போட்டால், உங்களுக்குக் கணக்கு வருமா, வராதா என்று எப்படித் தெரியும்? பாட்களை வீழ்த்தி வந்த பாராட்டும் அப்படித்தான்.

இரண்டாவது, உங்கள் நேரம். தொடர்ந்து தோற்றால் போனை வைத்துவிட்டுத் தெருவில் விளையாடப் போவோம். ஜெயித்தால், 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்போம். தோற்றுச் சலித்த நேரத்தில் சுலபமான எதிரிகள் வந்து ஜெயித்தால், மறுபடியும் உட்காருவோம். எப்போது உங்களுக்கு ஒரு வெற்றி தேவை என்பதை, உங்களை விட அந்த நிரல் நன்றாகக் கணக்குப் போட முடியும்.

மூன்றாவது, பணம். விளையாட்டு இலவசம், ஆனால், துப்பாக்கிக்கு நிறம், வீரனுக்குச் சட்டை எல்லாம் காசு. ஜெயிக்கிறவனுக்குத்தானே சட்டை வாங்க ஆசை வரும்? அந்தக் காசு, அப்பா தறியில் நின்று நெய்து சம்பாதித்தது.

குகேஷ் சொல்லித் தரும் பாடம்

இதே கம்ப்யூட்டர் எதிரியைச் சதுரங்கத்தில் பாருங்கள். 1997ல், 'டீப் புளூ' என்ற கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. எதிரில் இருப்பது கம்ப்யூட்டர் என்று காஸ்பரோவுக்கும் தெரியும். பார்த்த உலகத்துக்கும் தெரியும். இன்று போனில் இருக்கும் சதுரங்க நிரலே பெரிய சாம்பியன்களை வென்றுவிடும்.

நம் சென்னைப் பையன் குகேஷ், 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அவரது பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, சிறு வயதில் பல ஆண்டுகள் குகேஷைக் கம்ப்யூட்டர் நிரல் பக்கமே விடவில்லை. தானே யோசித்து, தானே தப்பு செய்து, தானே திருத்தட்டும் என்று விட்டார். பிறகுதான் கம்ப்யூட்டர் உதவி வந்தது.

சதுரங்கத்தில் கம்ப்யூட்டருடன் பயிற்சி செய்தால், 'கம்ப்யூட்டருடன் ஆடுகிறேன்' என்று தெரிந்தே ஆடலாம். ஆனால், மனிதனுடன் ஆடும்போது மறைவாகக் கம்ப்யூட்டரிடம் கேட்டால், அது மோசடி, தண்டனை உண்டு. இயந்திரம் ஒன்றுதான். வெளியே தெரிந்தால் குரு. மறைந்து நின்றால் ஏமாற்று! இந்த ஒரு கோட்டை, துப்பாக்கி விளையாட்டிலும் போட்டால் என்ன?

நீதிமன்றம் வரை போன பாட்

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியில் இந்தக் கேள்வி எப்போதோ வந்துவிட்டது. நாலு பேர் உட்கார்ந்து சீட்டு ஆடினால் முகம் தெரியும். ஆன்லைனில் எதிரே இருப்பது யார்? தமிழக அரசு இப்படிப்பட்ட விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் கொண்டு வந்தபோது, பாட் பயன்படுத்தலாம் என்ற அச்சத்தையும் சொன்னது. 2023 நவம்பரில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், அந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்றது.

பிறகு, 2025 ஆகஸ்ட் மாதம் பார்லிமென்ட், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 'இ - ஸ்போர்ட்ஸ்' எனப்படும் போட்டி விளையாட்டுகளையும், பணம் வைக்காமல் பொழுதுபோக்காக ஆடுவதையும் அந்தச் சட்டம் ஊக்குவிக்கிறது. அதனால், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் தொடர்கின்றன.

ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது சரிதான். ஆனால், பாருங்கள் குட்டீஸ்... எதிரில் இருப்பது யார் என்பது நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் காட்டினால் அன்றி, வெளியில் இருப்பவர் எங்கே போய் ஆதாரம் தேடுவார்? அதனால்தான், மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதையே விதியாக வைப்பது நல்லது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 2019ல் ஒரு சட்டம் அமலானது. பொருள் விற்கவோ, ஓட்டு கேட்கவோ ஆன்லைனில் பாட் பேசினால், தான் பாட் என்பதை மறைத்து ஏமாற்றக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கொண்டு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்திலும், இயந்திரத்துடன் பேசுபவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு. விளையாட்டில் வரும் எதிரிகளை மனதில் வைத்து எழுதியவை அல்ல இவை. ஆனால், வழி காட்டுகின்றன.

ஆட்டம் நடக்கும்போது சொன்னால் சுவை போய்விடும் என்று நிறுவனங்கள் சொல்லலாம். சரி, ஆட்டம் முடிந்த பிறகு சொல்லலாமே! 'நீங்கள் வீழ்த்தியது 8 பேர். அதில் 6 பாட், 2 மனிதர்' என்று ஒரே ஒரு வரி. அந்த வரி வந்தால், நம்ம பொதட்டூர்பேட்டைப் பையன் 2 பேரை வென்றதற்காக உண்மையாகவே பெருமைப்படுவான். அடுத்து 3 பேரை வெல்லப் பயிற்சி செய்வான். இல்லாவிட்டால், 'போதும்' என்று எழுந்து போவான். இரண்டுமே அவனுக்கு நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது...

* நேர்க்கோட்டில் ஓடுவது, வெட்டவெளியில் நிற்பது, சுட்டாலும் ஒளியாமல் இருப்பது... இவை எல்லாம் பாட்டின் அடையாளம் என்று ஆடுபவர்கள் சொல்வர். ஆனால், முதல் நாள் ஆட வந்த உங்கள் தங்கையும் இப்படித்தான் தடுமாறுவாள்! அடையாளத்தை மட்டும் வைத்து யாரையும் கேலி செய்யாதீர்கள்.

* பல முறை தோற்று, திடீர் என ஒரு சுலப வெற்றி வந்தால், அதுதான் போனைக் கீழே வைக்க சரியான நேரம்.

* இத்தனை மணி வரை என்று, ஆட்டம் தொடங்கும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்பதை விளையாட்டு முடிவு செய்யக் கூடாது. நீங்கள் முடிவு செய்யுங்கள்.

* அப்பா, அம்மாவைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். ஓ.டி.பி., எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

* பாட் உங்கள் நேரத்தைத்தான் எடுக்கும். ஆனால், மைக்கில் இனிமையாகப் பேசும் முகம் தெரியாத மனிதர் அதைவிட ஆபத்தானவராக இருக்கலாம். பெயர், பள்ளி, போன் நம்பர் எதையும் கொடுக்காதீர்கள். தொந்தரவு செய்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பம்பரம் விட்டாலும், கபடி ஆடினாலும், எதிரே நிற்பவன் யார் என்று நமக்குத் தெரியும். அவன் ஜெயித்தால் கை கொடுப்போம். தோற்றால் தோளைத் தட்டுவோம். போனில் ஆடும்போதும், 'என்னுடன் ஆடுவது யார்?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள், குட்டீஸ்!